உளவியல் ஆய்வக அறிக்கையின் தமிழ் நடை: ஸ்ட்ரூப் சோதனையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உளவியல் பயிலும் மாணவர் சோதனையைத் தமிழில் நடத்தினாலும் அதன் அறிக்கையைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். தமிழில் எழுத முனைவோர்க்குக் கலைச்சொல் மட்டுமன்றி, நடையும் இடர்ப்பாடாகிறது. அளவுசார் உளவியல் அறிக்கையின் உறுப்புகளையும், அவற்றைத் தமிழில் எழுதுங்கால் எழும் மொழிச்சிக்கல்களையும் ஸ்ட்ரூப் சோதனையின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வக அறிக்கை, ஸ்ட்ரூப் சோதனை, மாத்திரை, கருதுகோள், நன்னூல்

முன்னுரை

1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் நகரில் நிறுவிய ஆய்வகம் உளவியலைச் சோதனை அறிவியலாக நிலைபெறச் செய்தது. சோதனை வளர, அதனைப் பிறர் மீண்டும் செய்து பார்க்கும் வகையில் எழுதிவைக்கும் முறையும் வளர்ந்தது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் தம் முனைவர் பட்ட ஆய்வின் பயனாக 1935இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்குச் சிறந்த சான்று. நிறப்பெயர் ஒன்றை வேறு நிற மையில் அச்சிட்டு, அம்மையின் நிறத்தைச் சொல்லுமாறு அவர் கேட்டார். வண்ணச் சதுரங்கள் நூற்றின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63.3 நொடி எடுத்துக்கொண்ட மாணவர்கள், முரண்நிறச் சொற்கள் நூற்றுக்கு 110.3 நொடி எடுத்துக்கொண்டனர். படித்தல் தன்னியல்பாக நிகழ்வதால் நிறம் சொல்லும் செயலில் அது குறுக்கிடுகிறது என்பது இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். கருவி மிகுதியாக வேண்டாத இச்சோதனை இன்றும் மாணவர் ஆய்வகங்களில் நடத்தப்படுகிறது.

அறிக்கையின் உறுப்புகள்

அறிக்கை நான்கு வினாக்களுக்கு விடை தருகிறது. ஏன் ஆராயப்பட்டது என்பதை அறிமுகமும், எவ்வாறு ஆராயப்பட்டது என்பதை முறையியலும், என்ன கிடைத்தது என்பதைப் பெறுபேறும், அதன் பொருள் யாது என்பதை விவாதமும் கூறுகின்றன. மூன்றாம் பகுதிக்கு ‘முடிவுகள்’ என்னும் தலைப்பே வழக்கில் உள்ளது. ஆனால், ‘முடிவு’ என்னும் சொல் கிடைத்த தரவையும் அதிலிருந்து ஆய்வாளர் துணிந்த கருத்தையும் ஒருசேரக் குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்துவைப்பதே அறிக்கையின் அடிப்படை நெறி. எனவே, இலங்கைத் தமிழில் தேர்வு விளைவைக் குறிக்க வழங்கும் ‘பெறுபேறு’ என்னும் சொல் இவ்விடத்திற்குப் பொருத்தமாகிறது.

முறையியலும் மொழியும்

இச்சோதனையைத் திருச்சிராப்பள்ளித் தில்லை நகரில் கல்லூரி மாணவரிடம் தமிழ்ச்சொற்களைக் கொண்டு நடத்துவதாகக் கொள்ளலாம். அப்போது முறையியலில் மூன்று செய்திகள் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

முதலாவது, சொற்களின் அளவு. மாத்திரைக் கணக்கில் ‘நீலம்’ மூன்றரை, ‘மஞ்சள்’ மூன்று, குற்றியலுகரத்தைக் கருத ‘சிவப்பு’ம் மூன்று, ஐகாரக்குறுக்கத்தைக் கருதப் ‘பச்சை’ இரண்டரை. சொல்லும் நேரமே அளக்கப்படுவதால் இவ்வேறுபாடு பொருட்டாகும். ஓர் அட்டையில் நீலமும் மற்றோர் அட்டையில் பச்சையும் மிகுந்தால், குறுக்கீட்டால் அன்றிச் சொல்லின் நீளத்தாலேயே நேரம் வேறுபடக்கூடும். எல்லா நிறங்களும் இரண்டு அட்டைகளிலும் சம எண்ணிக்கையில் வருமாயின் இப்பிழை நீங்கும். அவ்வாறு அமைத்ததை அறிக்கை கூற வேண்டும்.

இரண்டாவது, விடையின் வடிவம். அட்டையில் எழுத்துத்தமிழ் இருக்கும். பங்கேற்பாளரோ ‘செவப்பு’, ‘பச்ச’ என்று பேச்சுவழக்கில் கூறுவர். இவற்றைச் சரியான விடையாகக் கொள்வதா என்பதைச் சோதனைக்கு முன்பே வரையறுத்து, அதனையும் பதிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, பங்கேற்பாளரின் கல்விமொழி. குறுக்கீடு தன்னியல்பான வாசிப்பைச் சார்ந்தது. ஆங்கிலவழியில் பயின்று தமிழை மெதுவாக வாசிக்கும் தில்லை நகர் இளைஞரும், தமிழ்வழியில் பயின்ற திருவரங்கத்து இளைஞரும் ஒரே அளவு குறுக்கீட்டை எதிர்கொள்வர் எனக் கருத இயலாது. ‘தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர்’ என்னும் தொடர் மட்டும் இங்குப் போதாது.

முறையியல் இறந்தகாலத்தில் அமையும். செய்முறைக் கையேட்டின் ‘அளக்க வேண்டும்’ என்னும் ஏவல் அறிக்கையில் ‘அளக்கப்பட்டது’ என மாறும். எனினும் செயப்பாட்டுவினை செய்தவரை மறைத்துவிடும். நிறுத்துகடிகாரத்தை இயக்கியவர் கருதுகோளை முன்னரே அறிந்தவரா என்பது அளவீட்டின் நம்பகத்தைத் தொடும் செய்தி. அத்தகைய இடத்தில் எழுவாயை வெளிப்படக் கூறுவதே தக்கது.

பெறுபேறு: எண்ணும் சொல்லும்

பெறுபேற்றில் இரண்டு நிலைகளின் சராசரி, திட்டவிலக்கம், சோதனை மதிப்பு, கட்டின்மைக் கூறு, நிகழ்தகவு மதிப்பு ஆகியன இடம்பெறும். ஒரே குழுவினர் இரண்டு அட்டைகளையும் படிப்பதால் இணைநிலை டி சோதனை பொருந்தும். டப்ளின் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் ‘ஸ்டூடன்ட்’ என்னும் புனைபெயரில் 1908இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இச்சோதனை. 0.05 என்னும் எல்லை ரொனால்டு ஃபிஷரின் 1925ஆம் ஆண்டு நூலால் பரவலாயிற்று. அது வசதி கருதிய மரபேயன்றி இயற்கை விதியன்று.

நிகழ்தகவு மதிப்பு 0.03 எனில், கருதுகோள் உண்மையாவதற்கு 97 விழுக்காடு வாய்ப்புண்டு என்பது பொருளன்று. உண்மையில் வேறுபாடே இல்லை எனக் கொண்டால், இத்துணை அல்லது இதனினும் பெரிய வேறுபாடு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 3 விழுக்காடு என்பதே பொருள். இதனை ‘முக்கியமான வேறுபாடு’ என்று தமிழாக்கும்போது, சிறு வேறுபாடும் பெரும்பயன் உடையதுபோல் தோன்றிவிடுகிறது. ‘புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு’ என்பது நீளமாயினும் மயக்கம் தராது. வேறுபாட்டின் பருமனைத் தனியே குறிப்பிட வேண்டும்.

விவாதமும் வினைமுற்றும்

தமிழ் ஆய்வேடுகளில் கருதுகோள் இறுதியில் ‘நிறுவப்படுகிறது’. ஆய்வக அறிக்கையில் இவ்வினைமுற்றுக்கு இடமில்லை. ‘தரவு கருதுகோளுக்கு ஆதரவளிக்கிறது’ அல்லது ‘ஆதரவளிக்கவில்லை’ என்பதே ஒரு சோதனை தாங்கக்கூடிய கூற்று. ஆதரவளிக்காத தரவும் பெறுபேறே. அதனை மறைத்தல் பிழையாகும். 2015இல் வெளிவந்த கூட்டாய்வொன்று உளவியல் ஆய்வுகள் நூற்றினை மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு பொருட்படுத்தத்தக்க பெறுபேற்றைக் காட்டியிருக்க, மறுசோதனைகளில் 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. முறையியலை முழுமையாகவும் கூற்றை அளவோடும் எழுத வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

இந்நெறி தமிழுக்குப் புதிதன்று. நன்னூல் கூறும் நூற்குற்றங்கள் பத்தனுள் சில அறிக்கைக்கும் அளவுகோலாகின்றன. முறையியலில் செய்முறையை விடுதல் குன்றக்கூறல். அட்டவணையில் உள்ள எண்களையெல்லாம் உரைநடையில் மீண்டும் அடுக்குதல் கூறியது கூறல். அறிமுகத்தில் உளவியல் வரலாறு முழுவதையும் எழுதுதல் மற்றொன்று விரித்தல். பெறுபேற்றுக்கு முரணாக விவாதத்தை அமைத்தல் மாறுகொளக் கூறல்.

முடிவுரை

தமிழில் ஆய்வக அறிக்கை எழுதக் கலைச்சொற்பட்டியல் மட்டும் போதாது. தரவையும் துணிவையும் பிரிக்கும் சொற்களும், துணிவின் அளவைக் காட்டும் வினைமுற்றுகளும் வேண்டும். மாத்திரை, குற்றியலுகரம், இரட்டை வழக்கு ஆகியன குறித்த தமிழியல் அறிவு சோதனை வடிவமைப்பிற்கே பயன்படுவதும் இங்குப் புலனாகிறது. ஆங்கில அறிக்கையைப் பார்த்து எழுதும் மாணவர்க்குச் ‘சிவப்பு’ நான்கெழுத்துச் சொல்லாக மட்டுமே தோன்றலாம். அதன் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் என்பதைத் தமிழ்த்துறையே சொல்ல இயலும். அதேபோல், கருதுகோள் பொய்க்கவும் இடமுண்டு என்னும் உளவியல் அறிக்கையின் நெறி தமிழ் ஆய்வேடுகளும் கொள்ளத்தக்கதாகும்.