இரண்டு இடங்கள், ஐந்து பெண்கள்

ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களைப் பற்றி நாம் நிறையவே வாசிக்கிறோம். அந்த மேடைக்குப் போவதற்கு முன்னர் ஒரு வீராங்கனை தன் சொந்த நாட்டுக்குள் யார் யாரைத் தாண்டிப் போகிறார் என்பது பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. சில நாடுகளில், சில விளையாட்டுகளில், ஒலிம்பிக்கை விட அதற்கான தெரிவுதான் கடினமானது. ஜப்பானியப் பெண்களின் ஃபிகர் ஸ்கேட்டிங் அப்படிப்பட்டது.

2018 பெப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. அதற்கு முந்திய தெரிவுப் பருவத்தை, பனி விழாத நமது நாட்டில் இருந்துகொண்டு நான் பின்தொடர்ந்தேன். ஜப்பானின் நேரம் நமது நேரத்தை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே இரவுப் போட்டி நடக்கும்போது இங்கே அஸருக்குப் பிந்திய பொழுது. ஐந்து பெண்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு போட்டியிலும் அவர்கள் பெற்ற புள்ளிகளை நேரே குறித்துக்கொண்டு வந்தேன். அப்படிக் குறிக்கும்போது விளங்கிக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சப்பாத்தின் அடியில் பொருத்திய மெல்லிய உலோகத் தகட்டில் நின்று, பனிக்கட்டித் தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கியும் சுழன்றும் பாய்ந்தும் ஆடுவதே ஃபிகர் ஸ்கேட்டிங். ஒவ்வொருவரும் இரண்டு தடவை தளத்தில் இறங்க வேண்டும். முதலாவது குறுகிய நிகழ்ச்சி. இரண்டாவது நீண்ட நிகழ்ச்சி. இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே இடம் தீர்மானிக்கப்படும். பாய்ச்சல்களில் பிரதானமாக ஆறு வகை உண்டு. அவற்றுள் அக்ஸல் எனப்படுவது மட்டுமே முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவது. ஆகவே மூன்று சுற்று அக்ஸல் என்றால், உண்மையில் அது மூன்றரைச் சுற்று. ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில், ஒற்றைக் காலில் இறங்கி முடிக்க வேண்டிய வேலை அது.

சர்வதேசப் போட்டியில் அந்தப் பாய்ச்சலைச் செய்து காட்டிய முதல் பெண் ஜப்பானின் மிடோரி இட்டோ. அது 1988இல் நடந்தது. 1992 ஒலிம்பிக்கில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2006இல் இத்தாலியின் டூரினில் ஷிசுக்கா அரகாவா தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான். 2010இல் வன்கூவரில் மாவோ அசாடா ஒரே போட்டிக்குள் மூன்று தடவை மூன்று சுற்று அக்ஸலைப் பாய்ந்து வெள்ளி வென்றார். இவர்களைப் பார்த்து வளர்ந்த சிறுமிகள்தான் 2017இல் வரிசையில் நின்றார்கள். வரிசை நீளமானது, வாசலோ சிறியது.

வாசல் ஏன் சிறியது? ஒரு நாட்டிலிருந்து ஒலிம்பிக்குக்கு எத்தனை பேர் போகலாம் என்பதை அதற்கு முந்திய ஆண்டு நடக்கும் உலகச் சம்பியன்ஷிப் போட்டி தீர்மானிக்கிறது. மூன்று பேருக்கு மேல் எந்த நாட்டுக்கும் இடமில்லை. அந்த மூன்றையும் பெற ஒரு கணக்கு உண்டு. நாட்டின் சார்பில் ஆடியவர்களில் முன்னணியில் வந்த இருவரின் இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 13 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மூன்று இடங்கள். 14 முதல் 28 வரை என்றால் இரண்டு இடங்கள்.

2017 மார்ச் இறுதியில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் அந்தப் போட்டி நடந்தது. அப்போது ஜப்பானின் தேசியச் சம்பியனாக இருந்தவர் சதோக்கோ மியஹாரா. இடுப்பு எலும்பில் ஏற்பட்ட அழுத்த முறிவால் அவரால் ஹெல்சிங்கிக்குப் போக முடியவில்லை. போன மூவரில் மாய் மிஹாரா குறுகிய நிகழ்ச்சியின் பின் 15ஆம் இடத்தில் இருந்தார். நீண்ட நிகழ்ச்சியில் தளராமல் ஆடி மொத்தத்தில் 5ஆம் இடத்துக்கு ஏறினார். வகாபா ஹிகுச்சி 11ஆம் இடம். ஐந்தும் பதினொன்றும் பதினாறு. ஜப்பானுக்குக் கிடைத்தவை இரண்டு இடங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அந்த இரண்டு இடங்களும் மிஹாராவுக்கோ ஹிகுச்சிக்கோ உரியவை அல்ல. அவை ஜப்பானுக்கு உரியவை. யாரை அனுப்புவது என்பதை ஜப்பான் ஸ்கேட்டிங் சம்மேளனம் டிசம்பரில்தான் முடிவு செய்யும். டிசம்பரில் நடக்கும் தேசியப் போட்டியின் சம்பியனுக்கு முதலாவது இடம் நிச்சயம். இரண்டாவது இடத்துக்குத் தேசியப் போட்டியின் பெறுபேறு, கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டியில் ஆடியமை, உலகத் தரவரிசை, அந்தப் பருவத்தில் பெற்ற மிகக் கூடிய புள்ளி ஆகியவற்றைப் பார்த்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். ஒரே ஒரு நாளின் சறுக்கலால் ஒருவரின் உழைப்பு முழுவதும் வீணாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

அந்தப் பருவத்தில் நான் பின்தொடர்ந்த ஐவரில் முதலாமவர் மியஹாரா. வைத்தியப் பெற்றோரின் மகள், உயரம் குறைந்தவர், ஓயாத பயிற்சிக்குப் பேர் போனவர். இடுப்பு முறிவின் பின்னர் நவம்பரில்தான் போட்டிக்குத் திரும்பினார். திரும்பிய முதற் போட்டியில் 5ஆம் இடம். அதே மாதத்தின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த போட்டியில் 214.03 புள்ளிகளோடு முதலிடம்.

இரண்டாமவர் ஹிகுச்சி. வேகமும் துணிவும் நிறைந்த ஆட்டம் அவருடையது. பருவத்தின் தொடக்கத்தில் செப்டெம்பரிலேயே இத்தாலியில் 217.63 புள்ளிகள் பெற்றார். சீனாவில் 212.52 புள்ளிகளோடு இரண்டாமிடம் வந்து, உலகின் முதல் ஆறு பேர் மாத்திரம் ஆடும் கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டிக்கும் தெரிவானார். நவம்பர் முடியும் வரை, ஓர் இடம் இவருக்குத்தான் என்று நினைக்கவே எனக்குத் தோன்றியது.

மூன்றாமவர் கவோரி சகமோட்டோ. ஹெல்சிங்கிப் போட்டி நடந்த காலத்தில் இவர் கனிஷ்ட பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவர். சிரேஷ்ட பிரிவில் இதுவே முதல் ஆண்டு. அமெரிக்கப் போட்டியில் மியஹாராவுக்கு அடுத்ததாக 210.59 புள்ளிகள் எடுத்தபோதுதான் பலரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்காமவர் மிஹாரா. சகமோட்டோவும் இவரும் கோபே நகரில் ஒரே பயிற்றுவிப்பாளரான சொனொக்கோ நக்கானோவிடம் பயின்ற தோழிகள். மிஹாராவுக்கு 2015இன் இறுதியில் மூட்டுகளைத் தாக்கும் வாத நோய் இருப்பது கண்டறியப்பட்டது. நடக்கவே சிரமப்பட்டவர் மீண்டும் பனித்தளத்துக்கு வந்தார். 2017 பெப்ரவரியில் நான்கு கண்டங்கள் சம்பியன்ஷிப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் போட்டி நடந்த இடம் கங்னுங் அரங்கு. சரியாக ஓராண்டின் பின்னர் ஒலிம்பிக் நடைபெறவிருந்ததும் அதே அரங்கில்தான்.

ஐந்தாமவர் ரிக்கா கிஹிரா. மூன்று சுற்று அக்ஸலைப் போட்டிகளில் பாய்ந்துகொண்டிருந்த சிறுமி. ஆனால் 2017 ஜூலை முதலாம் திகதிக்கு முன்னர் 15 வயது பூர்த்தியாகியிருந்தால் மட்டுமே ஒலிம்பிக்குக்குப் போகலாம். கிஹிரா பிறந்தது 2002 ஜூலை 21. மூன்று வாரங்களால் வாசல் மூடிவிட்டது. இதே விதியால்தான் மாவோ அசாடாவும் 2006 ஒலிம்பிக்குக்குப் போக முடியாமற் போனது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர் கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டியில் உலகின் முன்னணி வீராங்கனைகளை வென்றிருந்தார்.

2017 டிசம்பரில் டோக்கியோவில் தேசியப் போட்டி நடந்தது. குறுகிய நிகழ்ச்சியில் முதலாவதாக வந்தவர் சகமோட்டோ. நீண்ட நிகழ்ச்சியின் பின்னர் மியஹாரா முந்திச் சென்று தொடர்ந்து நான்காவது முறையாகச் சம்பியனானார். இரண்டாமிடம் சகமோட்டோ. மூன்றாமிடம், போக முடியாத கிஹிரா. நான்காமிடம் ஹிகுச்சி. ஐந்தாமிடம் மிஹாரா.

மியஹாராவின் இடம் அப்போதே உறுதி. மற்ற இடத்துக்கு ஹிகுச்சியா சகமோட்டோவா என்பதே கேள்வி. பருவத்தின் மிகக் கூடிய புள்ளி ஹிகுச்சியிடம் இருந்தது. கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டியில் ஆடியவரும் அவரே. ஆனால் அந்த இறுதிப் போட்டியில் அவர் ஆறு பேரில் ஆறாமவராக வந்திருந்தார். தேசியப் போட்டியிலும் முதல் மூவருக்குள் வரவில்லை. சகமோட்டோவின் புள்ளிகளோ பருவம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே வந்திருந்தன. அறிவிக்கப்பட்ட பெயர் சகமோட்டோ.

ஆக, ஹெல்சிங்கியில் ஆடி இரண்டு இடங்களைத் தேடிக் கொடுத்த இருவரில் ஒருவர்கூட ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. போனவர்களில் ஒருவர் அப்போது காயத்தில் இருந்தார். மற்றவர் கனிஷ்ட பிரிவில் இருந்தார்.

இது அநீதியா என்று நான் பல நாள் யோசித்தேன். தேடிக் கொடுத்தவருக்கே இடம் என்று ஒரு விதி இருந்திருந்தால், காயத்திலிருந்து மீண்டு வந்த மியஹாராவுக்கு வழியே இருந்திருக்காது. ஒரே ஆண்டில் பாய்ந்து முன்னேறிய சகமோட்டோவுக்கும் இருந்திருக்காது. தெரிவு என்பது இன்றைக்கு யார் முன்னால் நிற்கிறார் என்பதைத்தான் அளக்கும். நேற்று யார் பாரம் சுமந்தார் என்பதை அது அளக்காது. அந்தத் தெரிவு முறையில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ஆனால் நன்றி சொல்வதற்கு அதில் இடமில்லை என்பது தெரிந்தது. அந்த நன்றியைச் சொல்ல வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான்.

அடுத்து நடந்தவையே இந்தப் பருவத்தை என் மனதில் நிறுத்தின. தெரிவு முடிந்து ஒரு மாதத்தில், தாய்ப்பேயில் நான்கு கண்டங்கள் போட்டி வந்தது. சகமோட்டோ தங்கம், மிஹாரா வெள்ளி, மியஹாரா வெண்கலம். ஒலிம்பிக்குக்குப் போகவிருந்த இருவருக்கும் இடையில், போகக் கிடைக்காத மிஹாரா. பியோங்சாங்கில் மியஹாரா 4ஆம் இடமும் சகமோட்டோ 6ஆம் இடமும் பெற்றார்கள். மார்ச்சில் மிலானில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்புக்கு மியஹாராவோடு ஹிகுச்சி அனுப்பப்பட்டார். குறுகிய நிகழ்ச்சியில் 8ஆம் இடத்தில் இருந்தவர் நீண்ட நிகழ்ச்சியில் எழுந்து 210.90 புள்ளிகளோடு வெள்ளி வென்றார். மியஹாரா 210.08 புள்ளிகளோடு வெண்கலம். இரண்டும் மூன்றும் ஐந்து. அடுத்த ஆண்டின் உலகச் சம்பியன்ஷிப்புக்கு ஜப்பானின் மூன்றாவது இடம் திரும்பி வந்தது. கண்ணீரோடு வெளியே நின்றவர்தான் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்து விட்டார்.

நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே கணக்கு மீண்டும் வந்தது. 2021இல் ஸ்டொக்ஹோமில் சகமோட்டோ 6, கிஹிரா 7. கூட்டினால் சரியாக 13. ஓர் இடம் பின்தங்கியிருந்தாலும் மூன்றாவது இடம் போயிருக்கும். ஆனால் அந்த 7ஐக் கொண்டுவந்த கிஹிரா கணுக்கால் காயத்தால் டிசம்பர் தேசியப் போட்டியில் ஆடவே முடியவில்லை. முதல் மூன்று இடங்களைப் பெற்ற சகமோட்டோ, ஹிகுச்சி, மானா கவாபே ஆகியோர் பெய்ஜிங் போனார்கள். நான்காமிடம் மிஹாரா. இரண்டாவது தடவையும் அவருக்கு வாசல் திறக்கவில்லை.

பெய்ஜிங்கில் சகமோட்டோ வெண்கலம் வென்றார். பின்னர் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகச் சம்பியனானார். ஹிகுச்சி, இட்டோவுக்கும் அசாடாவுக்கும் பிறகு ஒலிம்பிக்கில் மூன்று சுற்று அக்ஸலை வெற்றிகரமாகப் பாய்ந்த ஜப்பானியப் பெண்ணானார்.

காத்திருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும் என்று இந்தக் கதையை முடித்துவிட ஆசைதான். ஆனால் அது உண்மையல்ல. ஹிகுச்சிக்குக் கிடைத்தது. அந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் கிஹிராவுக்கும் மிஹாராவுக்கும் கிடைக்கவில்லை. ஒருவரைத் தடுத்தது முதலில் வயது, பிறகு காயம். மற்றவரைத் தடுத்தது சில புள்ளிகள். இரண்டு பேரும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களில் நம் வீடுகளிலும் ஒரு தெரிவு நடக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே இருப்பவரின் பெயரை ஊரே சொல்லும்; சற்றுக் கீழே நிற்கும் பிள்ளையின் அறைக் கதவு சாத்தியிருக்கும். முயற்சி எங்களிடம், முடிவு அல்லாஹ்விடம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதன் முதற் பாதியையும் நாம் மறந்துவிடக் கூடாது. முடிவு எப்படி வந்தாலும், செய்த முயற்சி செய்ததுதான். பிள்ளையிடம் "ஏன் கிடைக்கவில்லை" என்று கேட்பதற்கு முன்னர், "இவ்வளவு தூரம் வந்தாயே" என்று சொல்ல ஒரு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் முடிய வேண்டும்.

இரண்டாவது தடவையும் தெரிவாகாத மிஹாரா என்ன செய்தார்? 2022 ஜனவரியில் எஸ்தோனியாவின் தாலின் நகரில் நான்கு கண்டங்கள் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில், டூரினில் கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டியையும் வென்றார். ஒரு காலத்தில் நடப்பதற்கே சிரமப்பட்டவர், அன்று உலகின் முதல் ஆறு பேரில் முதலாவதாக நின்றார்.