சவர்க்காரப் பெட்டித் தேர்

யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கு வண்டில் செய்தல் புதிய தொழிலன்று. பனங்காய் இரண்டைத் தடியொன்றின் இரு முனையிலும் கோத்து, கவைக்கம்பினால் உந்திக்கொண்டு ஒழுங்கை வழியே ஓடியோர் நம்மிற் பலர். நமது தீபகற்பம் சமதரையாதலின், அவ்வண்டிலுக்கு ஓடுபவன் காலே குதிரையாயிற்று. மேடும் பள்ளமும் வாய்த்த நாடுகளிலோ சிறுவர் தாம் செய்த வண்டிலின்மேல் ஏறி அமர்ந்துவிடுவர். பொறியுமின்றி, உந்துவாருமின்றிச் சரிவே அவர்களைக் கொண்டு செல்லும். இவ்விளையாட்டு ஒரு பெரும் போட்டியாக வளர்ந்த வரலாற்றையும், அதன் இயக்க நெறியையும், அதனால் மாணவர் பெறத்தக்கது யாதென்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1933ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரிலே, மைரன் ஸ்கொற் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர், சிறுவர் மூவர் தாமே செய்த வண்டில்களில் வீதிச் சரிவிற் பந்தயம் ஓடுதலைக் கண்டார். பிறிதொரு நாள் நண்பரையும் அழைத்து வருமாறு அவர் கூற, 19 பேர் வந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் நடந்த போட்டிக்கோ 362 சிறுவர் திரண்டனர். 1934இல் நாடளாவிய முதற் போட்டி டேற்றனில் நடந்தது. அடுத்த ஆண்டு அது குன்றுகள் மிக்க அக்ரன் நகருக்கு மாற்றப்பட்டது. 1936இல் அதற்கெனவே ஒரு சரிவுப் பாதையும் அங்கு அமைக்கப்பட்டது. உலகப் போரினால் 1942 முதல் 1945 வரை போட்டி நின்றிருந்தது. 1971இல் சிறுமியர்க்கும் இடமளிக்கப்பட, 1975இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியே வாகை சூடினாள். சவர்க்காரம் அடைத்து வந்த மரப்பெட்டிகள் ஆதியில் இவ்வண்டில்களுக்கு உடலாயின. அதனால் அப்பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது.

இவ்வண்டிலின் அமைப்பு எளிது. நீண்ட பலகை ஒன்று. அதன்மேல் இருப்பதற்குப் பெட்டி. பழைய குழந்தைத் தள்ளுவண்டியிற் கழற்றிய நான்கு சில்லுகள். பின்னச்சைப் பலகையோடு அசையாது பிணைத்தல் வேண்டும். முன்னச்சையோ நடுவில் ஓர் ஆணியிற் பொருத்தி, அதன் இரு முனையிலும் கயிறு கட்டினால், இழுத்த பக்கம் வண்டில் திரும்பும். ஒவ்வொரு சில்லும் அச்சில் தனித்தனியே சுழலுதல் இன்றியமையாதது; ஏனெனில், வளைவில் வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லினும் கூடிய தூரம் ஓடவேண்டியிருக்கும். நெம்புதடி ஒன்றினால் நிலத்தில் அழுந்தும் இறப்பர்த் துண்டு பிறேக்காக உதவும். ஓடத் தெரிந்த வண்டிலுக்கு நிற்கவும் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ!

நிற்க. வண்டிலுக்கு வேகத்தை அளிப்பது அது இறங்கும் உயரமேயாம். சாய்ந்த பலகையில் வெண்கல உருண்டையை ஓடவிட்டுக் கண்டவற்றைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். தடைகளையும் சில்லுகளின் சுழற்சிக்குச் செலவாவதையும் நீக்கிக் கணித்தால், 16 அடி உயரம் இறங்கிய வண்டில் செக்கனுக்கு 32 அடி, அஃதாவது மணிக்கு ஏறக்குறைய 22 மைல் வேகம் பெறும். பாரமான வண்டிலாயினும் இலேசான வண்டிலாயினும் இவ்வேகம் ஒன்றே. செல்வர் மகன், ஏழை மகன் என்னும் பேதத்தைக் குன்று அறியாது. தன் கொடையை யாவர்க்கும் ஒப்ப வழங்குகின்றது.

அவ்வாறாயின் ஒருவன் முந்துவதும் மற்றவன் பிந்துவதும் எதனால்? பெற்றதை வழியில் இழக்கும் அளவினாலேயே. அச்சு உராய்வது ஓர் இழப்பு. அதனைக் குறைக்கவே சில்லினுள் 'போல் பெயரிங்' எனும் உருக்குக் குண்டுகளை வைப்பர். சில்லுகள் ஒன்றுக்கொன்று நேராக நில்லாவிடின், நிலத்தைத் தேய்த்து வேகத்தை உண்ணும். விளிம்பு கனத்த சில்லு, தன்னைச் சுழற்றிக் கொள்வதற்கே பெரும்பங்கைச் செலவிடும். காற்றின் தடையோ வேகம் இருமடங்காகத் தான் நான்மடங்காகும். ஆதலின் உடலைத் தாழ்த்தி ஒடுங்கி அமர்பவன் முந்துவான். காற்றை ஊடறுத்துச் செல்லப் பாரம் துணைசெய்யுமாகையால், வண்டிலும் சிறுவனும் சேர்ந்த நிறைக்குப் போட்டியில் எல்லை வகுத்துள்ளனர். ஆகவே இப்பந்தயம் ஓட்டுபவனை மாத்திரமன்றி, அவன் செய்த வேலையின் செம்மையையும் அளக்கின்றது.

இதனாலேயே சிறுவன் தன் வண்டிலைத் தானே செய்தல் வேண்டும் என்பது அந்நாளில் இப்போட்டியின் உயிர்நாடியாயிருந்தது. அவ்விதி உடைந்தபோது நேர்ந்ததை 1973ஆம் ஆண்டு காட்டிற்று. வாகை சூடிய 14 வயதுச் சிறுவனின் வண்டில் ஒவ்வோர் ஓட்டத்திலும் புறப்பட்டவுடனேயே வியக்கத்தக்கவாறு முந்தியது. எக்ஸ் கதிரினாற் சோதித்தபோது அதன் மூக்கினுள் மின்காந்தம் ஒன்று மறைந்திருத்தல் புலனாயிற்று. தொடக்கத்தில் வண்டில்களைத் தாங்கி நிற்கும் இரும்புத் தகடு முன்னோக்கி விழும்போது, காந்தம் அதனைப் பற்றி வண்டிலையும் உடனிழுத்தது. சிறுவன் தலையைப் பின்சாய்த்து அழுத்துவதே அதற்கு ஆளி. அவன் உறவினரான பெரியவர் ஒருவரும் இதற்கு உடந்தை. பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்தவனுக்கு அளிக்கப்பட்டது.

இங்கு நாம் சிந்திக்கற்பாலது பெற்றோர், ஆசிரியர் கடனேயாகும். உளியைப் பிடிக்கும் முறையைக் காட்டுதல் உதவி. பிள்ளையின் கையிலிருந்து உளியையே வாங்கிக்கொள்ளுதல் உதவியன்று. தந்தை செய்த வண்டில் விரைந்து ஓடலாம். ஆயின் அதில் ஏறியிருக்கும் மகன் வெறும் பாரமேயாவான். கோணல் அச்சை மும்முறை கழற்றி மும்முறை பூட்டிய சிறுவன், கடைசியாக வந்தாலும், உராய்வு என்பது யாதென்பதை ஒருபோதும் மறவான். எழுதிக் கொடுத்த விடையை ஒப்புவித்துப் பெறும் புள்ளிக்கும், தானே முயன்று பெறும் புள்ளிக்கும் உள்ள வேறுபாடும் இஃதே.

மாணவர்காள்! வீதிகளில் வாகனம் பெருகிய இக்காலத்தில், தெருவை விடுத்து அடைத்த மைதானத்தையும், தலைக்கவசத்தையும், நல்ல பிறேக்கையும் தேடிக்கொண்ட பின்னரே இவ்விளையாட்டில் இறங்குக. நண்பர் நால்வர் கூடுக. ஒருவன் அளக்க, ஒருவன் அறுக்க, ஒருவன் பூட்ட, ஒருவன் பிழை காண்க. குன்று தருவது எல்லார்க்கும் ஒன்றே. அதனைச் சிந்தாமற் காக்கும் கைத்திறனும் நேர்மையுமே நுமக்கு உரியன.