உயர்தரச் சிறு மடிக்கணினி: நன்மைகளும் குறைகளும்

எடை குறைவாகவும் மெல்லியதாகவும் இருக்கும்படி, விலையுயர்ந்த பாகங்களைக் கொண்டு உருவாக்கப்படும் மடிக்கணினி உயர்தரச் சிறு மடிக்கணினி எனப்படுகிறது. இவ்வகைக் கணினிகளின் திரை பெரும்பாலும் 13 முதல் 14 அங்குலம் வரை இருக்கும். எடை ஏறத்தாழ 1 முதல் 1.4 கிலோகிராம். ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர், டெல் நிறுவனத்தின் எக்ஸ்பிஎஸ் 13, லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை.

இக்கணினிகளின் நன்மைகளும் குறைகளும் பெரும்பாலும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. கணினியின் உடலை மெல்லியதாக்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் பாகங்களை எளிதில் கழற்ற முடியாதபடி நெருக்கமாகப் பதிக்க வேண்டியிருக்கிறது. அதனால் எடை குறைகிறது, மின்சாரம் மிச்சமாகிறது. அதே காரணத்தால் பின்னாளில் பாகங்களை மாற்றுவதும் பழுது பார்ப்பதும் கடினமாகின்றன. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கணினியின் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடுகிறது. இக்கட்டுரை மேக்புக் ஏரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

2008-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மேக்வேர்ல்டு நிகழ்ச்சியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ஏரை அறிமுகம் செய்தார். அலுவலகத்தில் பயன்படும் காகித உறை ஒன்றிலிருந்து அதனை அவர் வெளியே எடுத்துக் காட்டியது பரவலாகப் பேசப்பட்டது. அதன் எடை 1.36 கிலோகிராம். விலை 1,799 அமெரிக்க டாலர்.

அந்த மெல்லிய உடலுக்காகப் பல வசதிகள் கைவிடப்பட்டன. குறுந்தகடு இயக்கி இல்லை. கம்பிவழி இணைய இணைப்புக்கான செருகுவாய் இல்லை. ஒரே ஒரு யுஎஸ்பி செருகுவாய் மட்டுமே இருந்தது. 2 ஜிபி ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால் அதனைக் கூட்ட வழியில்லை.

2010 அக்டோபரில் வந்த புதிய வடிவத்தில் சுழலும் வன்தட்டு நீக்கப்பட்டு, அசையும் பாகமற்ற நினைவகச் சில்லுகள் பொருத்தப்பட்டன. 11 அங்குல வகையின் தொடக்க விலை 999 டாலராகக் குறைந்தது. 2011-இல் இன்டெல் நிறுவனம் ‘அல்ட்ராபுக்’ என்னும் பெயரில் மெல்லிய விண்டோஸ் மடிக்கணினிகளுக்கான வரையறையை முன்வைத்தது. 2012-இல் எக்ஸ்பிஎஸ் 13, எக்ஸ்1 கார்பன் ஆகியவை வெளிவந்தன.

அடுத்த பெரிய மாற்றம் 2020 நவம்பரில் நிகழ்ந்தது. ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏரில் விசிறியே இல்லை. 2022-இல் எம்2, 2024-இல் எம்3, 2025-இல் எம்4 என அடுத்தடுத்த சில்லுகள் வந்தன.

நன்மைகள்

எடை

2022-இல் வெளியான எம்2 மேக்புக் ஏரின் எடை 1.24 கிலோகிராம், தடிமன் 11.3 மில்லிமீட்டர். 15.6 அங்குலத் திரையுள்ள பொதுவான மடிக்கணினி பெரும்பாலும் 1.6 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். விளையாட்டுக்கெனச் செய்யப்படுபவை 2 கிலோகிராமையும் தாண்டும். அவற்றின் சார்ஜரும் கனமானது. நாள்தோறும் பேருந்திலும் ரயிலிலும் புத்தகப் பையோடு செல்லும் மாணவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. வீட்டு மேசையை விட்டு நகராத கணினிக்கு எடைக் குறைவால் பெரிய பயன் இல்லை.

பேட்டரி

எம்1 முதல் எம்4 வரையிலான 13 அங்குல மேக்புக் ஏர் கணினிகள் ஒருமுறை சார்ஜ் செய்தால் 15 மணி நேரம் இணையத்தில் உலவவும் 18 மணி நேரம் காணொளி பார்க்கவும் போதும் என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. திரையின் ஒளியும் வேலையின் கடுமையும் கூடினால் இந்த நேரம் குறையும். ஆயினும் சாதாரணக் கல்லூரி நாளுக்குச் சார்ஜர் இல்லாமலே சமாளிக்கலாம்.

ரேம் சில்லுகள் நுண்செயலியை ஒட்டியே பதிக்கப்பட்டிருப்பதும் இதற்கு ஒரு காரணம். தகவல் கடக்க வேண்டிய தூரம் குறைவு. குறைந்த மின்னழுத்தமே போதும். கழற்றி மாட்டும் ரேம் பலகைகளில் இந்த வசதி அதே அளவுக்குக் கிடைப்பதில்லை.

ஓசையின்மையும் தூசியும்

விசிறி இல்லாத கணினியில் ஓசை எழுவதில்லை. நூலகத்திலும் இரவில் பிறர் உறங்கும் அறையிலும் இது உதவும். விசிறியுள்ள கணினிகள் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கின்றன; சில ஆண்டுகளில் அந்தத் தூசி அடைத்துக்கொண்டு வெப்பம் கூடும். விசிறியில்லாத கணினிக்கு அந்தத் தொல்லை இல்லை.

திரையும் உடலும்

2018-இல் மேக்புக் ஏரின் 13 அங்குலத் திரை 2560 × 1600 படப்புள்ளிகள் கொண்டதாக வந்தது. படப்புள்ளிகள் அடர்த்தியாக இருப்பதால் எழுத்துகள் அச்சிட்டதுபோல் கூர்மையாகத் தெரியும். சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த தமிழ் எழுத்துகளைச் சிறிய அளவில் படிக்கும்போது இதன் பயன் நன்கு விளங்கும். அலுமினிய உடல் எளிதில் வளைவதில்லை, கீலும் தளர்வதில்லை.

குறைகள்

ரேமைக் கூட்ட முடியாது

பழைய மடிக்கணினிகளில் ரேம் போதாவிட்டால் கடைக்குச் சென்று மேலும் ஒரு ரேம் பலகையை வாங்கிப் பொருத்தலாம். மேக்புக் ஏரில் இதற்கு இடமில்லை. இன்டெல் 2024-இல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி சில்லுகளிலும் ரேம் நுண்செயலியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே விண்டோஸ் கணினிகள் பலவற்றிலும் இதே நிலைதான்.

ரேம் நிறைந்துவிட்டால் கணினி எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகத்தின் ஒரு பகுதியைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது. எஸ்எஸ்டி ரேமைவிட மெதுவானது. எனவே கணினி தயங்குகிறது. பல ஆண்டுகளாக 8 ஜிபி ரேமுடன் விற்கப்பட்ட மேக்புக் ஏர், 2024 அக்டோபர் முதல் குறைந்தது 16 ஜிபி ரேமுடன் வருகிறது. பழைய 8 ஜிபி கணினியை இப்போது வாங்குவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

சேமிப்பகம்

2018 முதல் மேக்புக் ஏரில் எஸ்எஸ்டி சில்லுகளும் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்படுகின்றன. 256 ஜிபி போதவில்லை என்றால் வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டும். திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் போன்ற சில கணினிகளில் ரேமை மாற்ற முடியாவிட்டாலும் எஸ்எஸ்டியை மாற்ற முடியும். ஒரே வகைக் கணினிகளுக்குள்ளும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு.

செருகுவாய்கள்

எம்2 மேக்புக் ஏரில் இரண்டு யுஎஸ்பி-சி செருகுவாய்களும், சார்ஜ் செய்வதற்கான காந்தச் செருகுவாயும், காதணிபேசிக்கான துளையும் மட்டுமே உள்ளன. பழைய வடிவப் பென்டிரைவ், வகுப்பறைப் புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ கம்பி, கேமராவின் நினைவட்டை ஆகிய எதையும் நேரடியாகச் செருக முடியாது. இவற்றுக்குத் தனி இணைப்பான் வாங்க வேண்டும். கருத்தரங்கில் பேசச் செல்பவர் இணைப்பானை மறந்துவிட்டால் கணினி இருந்தும் பயனில்லை. எம்1, எம்2 வகைகளில் வெளித்திரை ஒன்றை மட்டுமே இயல்பாக இணைக்க முடியும். எம்4-இல் இரண்டை இணைக்கலாம்.

வெப்பம்

விசிறி இல்லாத கணினி வெப்பத்தைத் தன் உடல் வழியாகவே வெளியேற்றுகிறது. சில நிமிட வேலைகளுக்கு இது போதும். நீண்ட காணொளியைத் தொகுப்பது, பெரிய கணக்கீடுகளைத் தொடர்ந்து செய்வது போன்ற வேலைகளில் சில்லு சூடேறும்போது கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இக்கணினியை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குள் பயன்படுத்துமாறு ஆப்பிள் அறிவுறுத்துகிறது. வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் கோடைப் பகல் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அங்கே குளிர்சாதனம் இல்லாத அறையில் கடுமையான வேலைகளைக் காலையிலோ இரவிலோ செய்வது நல்லது.

பழுதும் தரவு இழப்பும்

இவ்வகைக் கணினியின் பெரிய குறை இதுவே. நுண்செயலி, ரேம், சேமிப்பகம் ஆகிய மூன்றும் ஒரே தாய்ப்பலகையில் இருப்பதால், ஒன்று கெட்டாலும் பலகை முழுவதையும் மாற்ற நேரிடலாம். அந்தச் செலவு சில வேளைகளில் பழைய கணினியின் சந்தை விலையை நெருங்கிவிடும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு தரவு இழப்பு. முன்பெல்லாம் காபி கொட்டி மடிக்கணினி கெட்டாலும் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திக் கோப்புகளை மீட்கலாம். சேமிப்பகம் பலகையோடு சேர்ந்திருக்கும் கணினியில் அது இயலாது. மேலும், திருடர் கையில் சிக்கினாலும் படிக்க முடியாதபடி கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளன. அதற்கான திறவுகோலும் அதே சில்லுக்குள் உள்ளது. பலகை உயிரிழந்தால் ஆய்வேடும் குடும்பப் படங்களும் அதோடு போய்விடும். கோப்புகளின் படியொன்றை வெளிப்புற வட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ வைத்திருப்பது இவ்வகைக் கணினிக்கு இன்றியமையாதது.

பேட்டரியின் தேய்மானம்

மேக்புக் ஏரின் பேட்டரி 1,000 சுழற்சிகளுக்குப் பிறகும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் கூறுகிறது. முழுக் கொள்ளளவும் ஒருமுறை செலவாவது ஒரு சுழற்சி. ஒரு நாள் பாதியும் மறுநாள் பாதியும் செலவானால் இரண்டு நாளுக்குச் சேர்த்து ஒரு சுழற்சி என்றே கணக்கு. நாளுக்கு ஒரு சுழற்சி என்றால் 1,000 சுழற்சிகள் 2 ஆண்டு 9 மாதத்தில் முடியும். நாளுக்கு அரைச் சுழற்சி என்றால் ஏறத்தாழ 5 ஆண்டு 6 மாதம் ஆகும். வெப்பமும், எந்நேரமும் முழுச் சார்ஜில் வைத்திருப்பதும் இந்த ஆயுளைக் குறைக்கும். பேட்டரி கணினிக்குள் பதிந்திருப்பதால் பழுது நீக்குநரிடமே மாற்ற வேண்டும்.

விலையும் மென்பொருள் பொருத்தமும்

இந்தியாவில் எம்1 மேக்புக் ஏர் 2020-இல் ரூ.92,900 தொடக்க விலையிலும், எம்4 மேக்புக் ஏர் 2025-இல் ரூ.99,900 தொடக்க விலையிலும் அறிமுகமாயின. இதே வேலைகளைச் செய்யும் சற்றுக் கனமான கணினிகள் இதில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன.

சாலிட்வொர்க்ஸ் போன்ற பொறியியல் மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. எம் வரிசைச் சில்லுள்ள கணினிகளில் விண்டோஸை நேரடியாக நிறுவும் வசதியை ஆப்பிள் வழங்குவதில்லை. துறையில் எந்த மென்பொருள் கட்டாயம் என்பதை அறியாமல் கணினியை வாங்குவது வீண் செலவில் முடியலாம்.

மாற்று முயற்சிகள்

மெல்லிய கணினியையும் பழுது பார்க்கத்தக்கதாகச் செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு, 2021-இல் வெளிவந்த பிரேம்ஒர்க் மடிக்கணினி. 13.5 அங்குலத் திரையும் ஏறத்தாழ 1.3 கிலோகிராம் எடையும் கொண்ட அதில் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, விசைப்பலகை ஆகியவற்றைப் பயனரே மாற்றலாம். 2023 இறுதியில் ‘கேம்2’ என்னும் மெல்லிய, கழற்றத்தக்க ரேம் பலகைக்கான தரநிலை வெளியிடப்பட்டது.

சட்டங்களும் மாறிவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு கருவிகளின் பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைப்பது 2027 பிப்ரவரி 18 முதல் பொதுவிதியாகிறது. சில விலக்குகள் உண்டு.

யாருக்குப் பொருந்தும்?

அன்றாடம் கணினியைத் தூக்கிச் செல்பவர், எழுத்து, வாசிப்பு, இணையவழிக் கல்வி, நிரலாக்கம் போன்றவற்றையே பெரும்பாலும் செய்பவர், ஐந்தாறு ஆண்டுகள் ஒரே கணினியை வைத்திருக்க எண்ணுபவர் ஆகியோருக்கு இவ்வகைக் கணினி நன்கு பொருந்தும். பெரும்பாலும் வீட்டிலேயே வேலை செய்பவர், நெடுநேரக் காணொளித் தொகுப்பு செய்பவர், முப்பரிமாண வரைகலையோ பெரிய விளையாட்டுகளோ தேவைப்படுபவர் ஆகியோருக்கு விசிறியுள்ள, சற்றுப் பருமனான கணினியே ஏற்றது. கடன் வாங்கி இதனை வாங்கும் குடும்பம், பழுதுச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. ரேமின் அளவை இன்றைய தேவைக்கு மட்டும் பார்க்காமல், கணினியை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க எண்ணமோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. எஸ்எஸ்டியும் பேட்டரியும் மாற்றத்தக்கவையா, மாற்ற என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

3. இணைப்பான், வெளிப்புற எஸ்எஸ்டி ஆகியவற்றின் விலையையும் கணினியின் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

4. மாணவர்களுக்கென அறிவிக்கப்படும் சலுகை விலையை விசாரிக்க வேண்டும்.

5. பழைய கணினியை வாங்கினால் அதன் சில்லையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டில் மட்டும் இருவகை மேக்புக் ஏர் வெளிவந்தன. மார்ச்சில் வந்த இன்டெல் வகைக்கு 2025-இல் வெளியான மேக் இயங்குதளம் கிடைக்கவில்லை. நவம்பரில் வந்த எம்1 வகைக்குக் கிடைத்தது. பழைய விண்டோஸ் கணினியானால் விண்டோஸ் 11 அதில் இயங்குமா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

6. கணினியை வாங்கிய முதல் நாளிலேயே கோப்புகளைப் படியெடுத்து வைக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.