பாட்டியின் பாட்டியை நெட்டில் தேடுவது எப்படி?

புதுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வந்ததும் பலரும் தங்கள் பெயரைத்தான் முதலில் டைப் செய்து பார்ப்பார்கள். அடுத்து தாத்தா பெயர். பாட்டி விஷயத்தில்தான் சிக்கல். கல்யாணத்தோடு பெண்களின் பெயர் மாறிவிடும். நசரத்பேட்டையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்த ஒரு தேடலைச் சொல்கிறேன். நீங்களும் இதில் பழகலாம்.

1862-ல் சென்னையில் பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டவர் மிரன் வின்ஸ்லோ. அவர் மனைவி ஹாரியட், 1796-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். 1819-ல் கணவருடன் பாஸ்டனில் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1824-ல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கினார். 1833-ல் அங்கேயே காலமானார்.

‘வின்ஸ்லோ’ என்று தேடினால் கணவர்தான் வரிசையாக வருவார். பிறந்த வீட்டுப் பெயரான ‘லாத்ராப்’பையும் சேர்த்து டைப் செய்யுங்கள். ஃபேமிலிசர்ச் வெப்சைட்டில் அக்கவுண்ட் தொடங்கினால் இலவசமாகத் தேடலாம். ஆனால் அங்குள்ள குடும்ப மரங்களைப் பொதுமக்களே நிரப்புகிறார்கள், அப்படியே நம்பாதீர்கள். மகளுக்கும் ஹாரியட் என்றே பெயர்! வின்ஸ்லோ மறுமணமும் செய்துகொண்டவர். எனவே, 1833-க்குப் பிறகு பிறந்த குழந்தை இந்த ஹாரியட்டின் பெயருக்குக் கீழே இருந்தால் அது பிழை.

அடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ். ஹாரியட்டின் வாழ்க்கையைக் கணவர் எழுதி 1835-ல் வெளியான புத்தகத்தை இங்கே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்குள் தேட, அந்தக் காலத்து ஸ்பெல்லிங் வேண்டும். பக்கத்துப் பூந்தமல்லியையே ஆங்கிலத்தில் ‘பூனமல்லி’ என்று எழுதுகிறோமே, அதுபோலத்தான். உடுவிலை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘யு’ வரும் இரண்டு இடத்திலும் இரட்டை ‘ஓ’ போட்டு, கடைசியில் ஒரு ‘எல்’, ஒரு ‘இ’ சேருங்கள். பக்கங்கள் கொட்டும்.

மகள் ஹாரியட்டின் வழியில் கீழே இறங்கினால், 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் வருகிறார். உடுவில் ஹாரியட் அவருக்குக் கொள்ளுப்பாட்டி!

எங்கள் வீட்டில் அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர் தெரியும். பாட்டியின் அம்மா பெயர் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தர எந்த வெப்சைட்டும் இல்லை. வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும், அதுவும் இப்போதே. எக்செல்லில் பெயர், பிறந்த வீடு, புகுந்த வீடு, ஆண்டு, சொன்னவர் யார் என ஐந்து காலம் போடுங்கள். என் அத்தையிடம் கேட்டு ‘பிறந்த வீடு’ காலத்தில் இதுவரை மூன்று இடங்களை நிரப்பியிருக்கிறேன்.