முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பு: கேட்டால்தான் கிடைக்கும்

எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சிறுநீர்த் தொற்றுக்காக அடிக்கடி எங்களிடம் வருவார். ஒருநாள் மகள் காரை எடுத்துவரப் போன நேரம் மெல்லிய குரலில் சொன்னார்: "தண்ணி குடிச்சா டொய்லெட்டுக்குப் போக வேணும் டொக்டர். என்னைக் கூட்டிக்கொண்டு போற பிள்ளை பதினொரு மணிக்குத்தானே வரும். அதுதான் குடிக்கிறேல்லை."

விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பழகியவர் அவர். கவுன்சில் ஒழுங்குசெய்த பராமரிப்பாளர் வந்ததோ பதினொரு மணிக்கு. நாங்கள் எத்தனை தடவை அன்ரிபயோட்டிக் எழுதிக் கொடுத்தும் என்ன பயன்? நோயின் காரணம் அந்த நேர அட்டவணையில் இருந்தது.

நேரமும் ஆளும் ஏன் முக்கியம்?

இது வெறும் வசதி பற்றிய விடயமல்ல. பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை பிந்தினால் உடல் விறைத்து எழும்பவே முடியாமற் போகலாம். இன்சுலின் போடுபவருக்குச் சாப்பாடு பிந்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மறதிநோய் உள்ள பலர் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை இழந்து தமிழுக்கே திரும்புகிறார்கள். அவரிடம் தினமும் ஒரு புதுமுகம் வந்து ஆங்கிலத்தில் உடுப்பைக் கழற்றச் சொன்னால் பயந்து கையைத் தட்டிவிடுவார். அதை "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று பதிந்துவிடுவார்கள்.

உங்கள் உரிமை என்ன?

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உதவி தேவைப்படுபவராகத் தோன்றும் எவரையும், அவரது சேமிப்பு எவ்வளவாக இருந்தாலும், கவுன்சில் இலவசமாக மதிப்பீடு செய்ய வேண்டும். முதியவரின் சொந்த விருப்பங்களும் அதில் கவனிக்கப்பட வேண்டும். அவரைப் பராமரிக்கும் மகளோ மருமகளோ தமக்கும் ஒரு மதிப்பீடு கேட்கலாம். நைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, அரை மணித்தியாலத்துக்குக் குறைந்த வருகைகள் விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்கிறது.

அனுப்பப்படும் சேவை பொருந்தாவிட்டால் 'டிரெக்ட் பேமென்ட்' கேட்கலாம். அந்தப் பணத்தில் தமிழ் பேசும் ஒருவரை நீங்களே அமர்த்தலாம். ஆனால் அவருக்கு நீங்கள்தான் முதலாளி என்பதை மறக்க வேண்டாம். ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினருக்கு அதனைச் சம்பளமாகக் கொடுக்கப் பொதுவாக அனுமதியில்லை.

"வீட்டை எடுத்துப்போடுவாங்களோ?" என்று பலர் பயப்படுகிறார்கள். வருமானத்தையும் சேமிப்பையும் பொறுத்துக் கட்டணம் அறவிடப்படலாம். ஆனால் சொந்த வீட்டில் இருந்தபடி பராமரிப்புப் பெறும்போது அந்த வீட்டின் பெறுமதி கணக்கில் சேராது.

மதிப்பீட்டு நாளில்

அதிகாரி வந்தால் நல்ல சீலை உடுத்து, தேநீர் கொடுத்து, "ஒரு பிரச்சினையும் இல்லை, நாங்கள் பார்ப்பம்" என்று சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அவரும் அதையே எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆகவே:

• நல்ல நாளைப் பற்றியல்ல, மோசமான நாளைப் பற்றிச் சொல்லுங்கள். இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்பதையும் சேருங்கள்.

• எழும்பும் நேரம், குளிப்பு, பூசை அல்லது செபம், மரக்கறிச் சாப்பாடு, பெண் பராமரிப்பாளர்தான் வேண்டுமா என்பவற்றை முதியவரிடமே கேட்டு எழுதிக் கொடுங்கள்.

• தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளின் முன்னால் சொல்லக் கூசும் விடயங்கள் உண்டு.

• திட்டம் பொருந்தாவிட்டால் மறுஆய்வு கேளுங்கள். அதனை எழுத்தில் கேட்பது நல்லது.

அந்த அம்மாவின் மகளும் எழுதிக் கேட்டார். அவர் கேட்டது ஆறரை மணி. கிடைத்தது ஏழரை. இப்போது அம்மா காலையில் இரண்டு கோப்பை தேநீர் குடிக்கிறார்.

இன்றைக்கே உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் தனியாக இருந்து கேட்டுப்பாருங்கள்: "எத்தனை மணிக்கு ஆள் வந்தால் உங்களுக்கு நல்லது?"