நனைந்த பருத்தியும் நனைத்த பருத்தியும்

நமது கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேடுகளில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ‘நனை’ என்னும் வினைச்சொல்லும் ஒன்றாகும். விவசாயிகள் பருத்தியைக் கொண்டுவந்து நிறுக்கும் இடத்திலும், நெசவாளர்கள் நூலைப் பெற்றுத் தறியில் ஏற்றும் இடத்திலும் இச்சொல் ஒருங்கே வழங்குகிறது. எளிய சொல்தானே என்று கருதி இதனை மனம்போனபடி எழுதிவிடுவோர் பலர். ஆயின், இதில் ஓர் எழுத்து மாறினால் ஓர் அங்கத்தினரின் நாணயத்திற்கே இழுக்கு நேரக்கூடும். ஆகவே இதன் பொருளையும் வழக்கையும் சற்றே ஆராய்வது நம் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

‘நனை’ என்பது இரு வகையாக நடக்கும் வினை. ஒரு பொருள் ஈரமாவதைக் குறிக்கும்போது நனைகிறது, நனைந்தது, நனையும் என வரும். இது தன்வினை. ஒருவர் ஒரு பொருளை ஈரமாக்குவதைக் குறிக்கும்போது நனைக்கிறார், நனைத்தார், நனைப்பார் என வரும். இது பிறவினை. குடையின்றி மழையில் வந்தவர் நனைந்தார். துணியைத் தொட்டி நீரில் இட்டவர் அதனை நனைத்தார். சேர்ந்தது, சேர்த்தார் என்பனவும், தோய்ந்தது, தோய்த்தார் என்பனவும் இம்முறையிலேயே அமைந்தவை. எனினும் எல்லா வினைகளும் இவ்வாறு நடப்பதில்லை. காய்ந்தது என்றால் உலர்ந்தது. காய்த்தது என்றாலோ காய் விட்டது என்று பொருள். எனவே சொல்லுக்குச் சொல் வழக்கறிந்தே எழுதுதல் வேண்டும்.

இனி, ஒரு சங்கத்தின் கொள்முதல் பதிவேட்டில் ‘நனைத்த பருத்தி, 2 மூட்டை’ என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இதற்கு என்ன பொருள்? எடை கூடுவதற்காக எவரோ நீர் தெளித்தார் என்பதே பொருள். ‘நனைந்த பருத்தி’ என்று எழுதியிருந்தாலோ, வழியில் மழை பெய்தது, அல்லது பனி உலருமுன் பருத்தி எடுக்கப்பட்டது என்றே கொள்ளலாம். முன்னது குற்றச்சாட்டு, பின்னது நேர்ந்த நிலை. இடையே உள்ள வேறுபாடு ஒரு மெல்லெழுத்தும் ஒரு வல்லெழுத்துமே. எழுதியவர் கருதாத குற்றச்சாட்டாயினும், பதிவேட்டில் ஏறியபின் அது பேசிக்கொண்டேயிருக்கும்.

மூன்றாவது நிலையும் ஒன்றுண்டு. பருத்தி இயல்பாகவே காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் பொருள். மழைநாட்களில் யாரும் நீர் தெளிக்காமலும், ஒரு துளி மழை படாமலுமே அதன் எடை சிறிது கூடும். இதனை நனைந்தது என்பதும் பொருந்தாது; ‘ஈரம் ஏறியது’ என்பதே சரி. இக்காரணம் பற்றியே வாணிகத்தில் ஈரப்பதத்தை விழுக்காட்டில் அளந்து கணக்கிடுகின்றனர். இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதலில் 8 விழுக்காடு ஈரப்பதம் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேல் 12 விழுக்காடு வரை விலை குறைத்துக் கணக்கிடப்படும். அதனையும் மிஞ்சினால் ஏற்கப்படுவதில்லை. 100 கிலோ பருத்தியில் 8 விழுக்காடு ஈரமிருப்பின் ஈரம் நீங்கிய எடை 92 கிலோ. 12 விழுக்காடிருப்பின் 88 கிலோ. இந்த 4 கிலோ வெறும் நீரேயாம்.

நீர் தெளித்த மூட்டையொன்றைப் பிறர் மூட்டைகளோடு அடுக்கினால் நட்டம் இந்த 4 கிலோவோடு நிற்பதில்லை. குவியல் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், பஞ்சு பழுப்பேறும். நேர்மையாக உலர்த்திக் கொண்டுவந்தவரின் சரக்கும் கெட்டு, குறைந்த விலையை அனைவரும் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். ஆதலின் நனைத்தவர் ‘நனைந்தது’ என்னும் சொல்லின் பின் ஒளிந்துகொள்வதும் தகாது.

நெசவாளரிடம் வரும்போது இதே பிறவினை குற்றத்தைக் குறியாது, தொழில்முறையைக் குறிக்கும். பருத்தி நூல் நனைந்தால் அதன் வலிமை கூடும். அதனாலேயே ஊடை நூல் சுற்றிய தாரை நனைத்து நாடாவில் இட்டு நெய்யும் வழக்கம் ஏற்பட்டது. ஈர ஊடை நெருங்கி அமைவதால் துணியும் கெட்டியாகும். ஆயின் எல்லா நூலுக்கும் இது பொருந்தாது. ரேயான் நூல் நனைந்தால் வலிமையில் பெரிதும் குறையும். பட்டும் ஓரளவு குறையும். எனவே சங்கங்கள் விடுக்கும் குறிப்பில் ‘நூலை நனைத்து நெய்க’ என்று பொதுவாக எழுதாமல், எந்த நூல், பாவா ஊடையா என்பதனையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். நனைத்தல், தோய்த்தல், தெளித்தல், ஊறவைத்தல் ஆகிய நான்கும் ஒன்றல்ல. நீர் உட்புகச் செய்வது நனைத்தல். சாயத்தில் அல்லது கஞ்சியில் அமிழ்த்தி எடுப்பது தோய்த்தல். துளிகளாக மேலே விழச் செய்வது தெளித்தல். நெடுநேரம் நீரில் விட்டுவைப்பது ஊறவைத்தல். விதை நெல்லை முளைகட்ட ஊறவைக்கிறோமேயன்றி நனைத்து மட்டும் விடுவதில்லை.

எழுத்தர்கள் கைக்கொள்ளத்தக்க முறை இதுவாகும். ஈரமானியில் கண்ட அளவை அப்படியே எழுதி, ‘ஈரமான பருத்தி’ என்று மட்டும் குறிப்பிடுக. கருவி ஈரத்தின் அளவைக் காட்டுமேயன்றி, ஈரமாக்கியவர் யார் என்பதைக் காட்டாது. மழை, பனி எனக் காரணம் தெளிவாயிருப்பின் ‘நனைந்த’ என்று எழுதலாம். ‘நனைத்த’ என்னும் சொல்லையோ, அங்கத்தினரிடம் விளக்கம் கேட்டு உண்மை உறுதிப்பட்ட பின்னரே எழுதுதல் முறை. அங்கத்தினர்களும் எடையையும் தொகையையும் மட்டும் பார்த்துக் கையொப்பமிடாமல், அருகிலுள்ள சொல்லையும் படித்தறிதல் வேண்டும்.

தமிழில் ஈரம் என்னும் சொல்லுக்கு அன்பு என்ற பொருளும் உண்டு. திருக்குறளும் அப்பொருளில் அதனை ஆள்கிறது. பருத்தியில் ஈரம் குறைந்தும், பதிவேட்டை எழுதுவோர் நெஞ்சில் ஈரம் நிறைந்தும் இருக்குமாயின் சங்கங்கள் செழிக்கும் என்பதில் ஐயமில்லை.