வெல்டிங் ஹெல்மெட்: பேட்டரியை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்

மரக்காணம் உப்பளக் காற்றில் இரும்புக்கு ஆயுசு கம்மி. கிழக்கே பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது. மேற்கே நெல், மல்லாட்டை, தர்பூசணி, சவுக்கு என்று நம் நிலங்கள். காற்றில் வரும் உப்புத்தூள் கேட்டுக் கீல், பம்புசெட் தாங்கி, கோனோவீடர் பல் என்று ஒன்றையும் விடாமல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலோரத்து இரவுகளில் அந்த அளவு சாதாரணம். அப்புறம் துரு பிடிக்காமல் என்ன செய்யும்?

களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்த நமக்குக் களைக்கருவிதான் துணை. ஒற்றை நாற்று நடவில் பத்து நாளைக்கு ஒரு தடவை கோனோவீடர் ஓட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் பல் உடைந்தால், பட்டறையில் வரிசை குறையும்வரை களை காத்திருக்காது. அதனால்தான் இப்போது பல பண்ணைகளில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. விதையில், உரத்தில் தற்சார்பு பேசுகிற நாம் கருவியிலும் அதைத் தேடுவது நல்ல விஷயம். ஆனால் மெஷினுக்குக் கொடுக்கிற கவனத்தை முகத்தில் மாட்டுகிற ஹெல்மெட்டுக்குக் கொடுப்பதில்லை. ஐந்து வருடம் உழைத்த என் ஆட்டோ ஹெல்மெட் கறுப்பதை நிறுத்திவிட்டதால், வேறு வாங்குவதற்காக விசாரித்ததையும் சோதித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கண்ணுக்கு என்ன ஆகிறது?

வெல்டிங் வெளிச்சத்தில் கண் கூசும் ஒளியோடு புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும் இருக்கின்றன. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். வலி உடனே தெரியாது. ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி எரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால் விடுவது, கண்ட சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுவது எதுவும் வேண்டாம். கண்ணை மூடி, மேலே குளிர்ந்த ஈரத்துணி வைத்துக்கொண்டு, விடிந்ததும் கண் மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து வலியை மறைக்கும்; அதைத் தொடர்ந்து விட்டால் புண் ஆறுவது தடைபடும்.

தானாகக் கறுக்கும் கண்ணாடி

பழைய கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டை இறக்கினால் ஒன்றும் தெரியாது. ராடை சரியான இடத்தில் வைத்து, தலையை ஆட்டி ஹெல்மெட்டை இறக்கிப் பற்றவைப்பதற்குள் கை நகர்ந்துவிடும். தினமும் செய்கிறவருக்கு அது பழகிவிடும். மாதத்துக்கு இரண்டு தடவை வெல்டிங் பண்ணுகிற நமக்குப் பழகாது. அதனால் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாயிண்ட் வைக்கிற கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. இதற்குத் தீர்வாகத் தானாகக் கறுக்கும் கண்ணாடியை 1981-ல் சுவீடனில் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தீப்பொறியை சென்சார் பார்த்ததும் உள்ளே இருக்கும் திரவப் படிகம் கறுத்துவிடும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பது மின்சாரம் இல்லை. கண்ணாடியின் மேலுள்ள பூச்சு. தரமான வடிகட்டி கறுக்காமல் இருக்கும்போதும் அந்தக் கதிர்களைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். மின்சாரம் செய்வது கூசும் வெளிச்சத்தைக் குறைக்கிற வேலை. அதற்காகக் கறுக்காத ஹெல்மெட்டோடு வேலை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. கூச்சம் கண்ணைக் களைப்பாக்கும், கையும் தவறும். வடிகட்டியில் விரிசல் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

பேட்டரிக் கதவு எங்கே?

வங்கியில் இருந்த காலத்தில் ஒருவர் மெஷின் வாங்கக் கடன் கேட்டு வந்தால், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பேன். ஹெல்மெட்டுக்கும் அதே கேள்விதான். விலை மலிவான பல ஹெல்மெட்டுகளில் பேட்டரி உள்ளே வைத்து ஒட்டப்பட்டிருக்கும். ‘சோலார்’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தாலும், பெரும்பாலானவற்றில் சோலார் தகட்டோடு ஒரு பேட்டரியும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. அது செத்தால் ஹெல்மெட்டும் செத்தது. என்னுடையதும் அந்த வகை. மற்றபடி கூடு, பட்டை, கண்ணாடி எல்லாம் நன்றாகவே இருந்தன.

அதனால் வாங்கும்போது பேட்டரிக்குத் தனிக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். சிஆர்2032, சிஆர்2450 வகைக் காசு பேட்டரியோ, ரிமோட்டில் போடுகிற டிரிபிள்-ஏ பேட்டரியோ என்றால் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ எளிதாகக் கிடைக்கும். அடுத்து, வெளிப்புறப் பிளாஸ்டிக் கண்ணாடி தனியாகக் கிடைக்க வேண்டும். பொறி பட்டுப் பட்டு அது மங்கிவிடும். வாங்கும்போதே ஐந்தாறு சேர்த்து வாங்கிவிடுங்கள். வியர்வைப் பட்டையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். தலைப்பட்டையின் திருகு தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

எண்களைப் படிப்பது எப்படி?

வடிகட்டியின் மேல் 4/9-13 என்று அச்சிட்டிருக்கும். சும்மா இருக்கும்போது கறுப்பு 4, வெல்டிங்கின்போது 9-லிருந்து 13 வரை திருகிக்கொள்ளலாம் என்று பொருள். நம் வேலைக்கு 12-ஆம் நம்பர், 10-ஆம் நம்பர் ராடுகள் போதும். அதாவது 2.5, 3.15 மில்லிமீட்டர். இவை 60 முதல் 160 ஆம்பியருக்குள் ஓடும். அந்த அளவுக்குக் கறுப்பு 8-க்குக் கீழே போகவே கூடாது, 10 பொருத்தமானது. முதலில் 11-ல் வைத்து, உருகும் குட்டை தெரியவில்லை என்றால் ஒரு எண் குறையுங்கள்.

அதன் பக்கத்தில் 1/1/1/2/379 மாதிரி இன்னொரு வரிசை இருக்கும். 379 என்பது ஐரோப்பியத் தர எண். முன்னால் உள்ள நான்கு எண்களும் உருவம் கோணாமல் தெரிவது, ஒளி சிதறாமல் இருப்பது, கறுப்பு சீராக இருப்பது, சாய்ந்து பார்த்தாலும் மாறாமல் இருப்பது ஆகியவற்றுக்கான மதிப்பெண்கள். 1 நல்லது, 3 சுமார். அச்சடித்ததெல்லாம் உண்மை என்று சொல்ல முடியாது. பில் கொடுக்கிற, திருப்பி எடுத்துக்கொள்கிற இடத்தில் வாங்குவது அதனால்தான்.

கறுக்கும் வேகம் நொடியில் 25,000-ல் ஒரு பங்கு என்று விளம்பரம் செய்வார்கள். நாள் முழுக்கப் பாயிண்ட் வைக்கிறவருக்கு அந்த வேகத்தால் கண் களைப்பு குறையும். நம் மாதிரி ஆட்களுக்கு 10,000-ல் ஒரு பங்கே தாராளம். அந்தக் காசை சென்சாரில் போடுங்கள். இரண்டு சென்சார் இருந்தால், கலப்பைக்கு அடியிலோ கேட்டு மூலையிலோ குனியும்போது ஏதாவது மறைத்துக் கறுப்பு விட்டுவிடும். நான்கு இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. வெல்டிங் நின்றபின் எவ்வளவு நேரம் கறுப்பாக இருக்க வேண்டும், எவ்வளவு வெளிச்சத்துக்குக் கறுக்க வேண்டும் என்பதற்குத் தனித்தனித் திருகுகள் வேண்டும். திறந்தவெளியில் வெயிலுக்கே கறுத்துவிட்டால் இரண்டாவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

‘கிரைண்டிங்’ நிலையில் வைத்தால் கண்ணாடி கறுக்கவே கறுக்காது. வெல்டிங்குக்குத் திரும்பும்போது மாற்றிவிட்டோமா என்று ஒருமுறை பாருங்கள். கிரைண்டர் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வெள்ளெழுத்து வந்தவர்கள் உள்ளே பூதக்கண்ணாடித் தகடு செருக இடம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தையல் நேராக வரும்.

ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை

வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்து, சென்சாருக்கு எதிரே கேஸ் லைட்டரைப் பற்றவையுங்கள். பெரும்பாலானவை கறுத்து மீளும். ஒரு சென்சாரை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றை விரலால் மூடி, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கறுப்பு மினுக்கினால் பேட்டரியை மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வேலையை நிறுத்துங்கள்.

நம் கரையில் வைக்கிற இடமும் முக்கியம். தகரக் கொட்டகையில் ஆணியில் மாட்டினால் உப்பு ஈரம் பேட்டரி முனையைப் பச்சை பிடிக்க வைக்கும். வெயில் சூடு திரவப் படிகத்தைக் கெடுக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வீட்டுக்குள் வையுங்கள். ரொம்ப நாள் வேலை இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஹெல்மெட் தடுக்காதவை

புகையை அது தடுக்காது. உப்புக் காற்றுக்குப் பயந்து நாம் ஜி.ஐ. குழாய் அதிகம் வாங்குகிறோம். அதை அப்படியே வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை வரும். சில மணி நேரத்தில் குளிர் ஜுரம் அடிக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். பற்றவைக்கிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று உங்கள் முகத்தைத் தாண்டிப் புகையைக் கொண்டுபோகிற மாதிரி உட்காருங்கள். நைலான் சட்டை வேண்டாம், முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள்.

இரும்பைப் பிடித்துக்கொள்கிறவரின் கண்ணும் கண்தான். பழைய கறுப்புக் கண்ணாடி போட்ட கைத்திரை ஒன்று பண்ணையில் எப்போதும் இருக்கட்டும். அதற்கு பேட்டரி தேவையில்லை, விலையும் சொற்பம். உதவிக்கு வருகிறவர் கையில் அதைக் கொடுத்து, குழந்தைகளை வெளிச்சம் எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு மெஷினைப் போடுங்கள்.